ஓராண்டுச் சான்றிதழ்

லிக்கோமா தீவு
ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

இது வேலை விஷயமான கடிதம், வேறொன்றும் இல்லை. போன் செய்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன ஆகஸ்டில் கடைசியாகப் பேசியபோது நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். மீதியை நான் ஏரியைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். எழுத்தில் யாரும் குறுக்கே புக முடியாது, அதனால் இனி எழுத்துதான்.

நீங்கள் செய்து அனுப்பிய சர்வர் பெட்டி நல்லபடியாகக் கப்பலிலிருந்து இறங்கி எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. மாவட்ட ஆபீஸ் கொடுத்த நான்கு பழைய கம்ப்யூட்டர்களையும் அதோடு இணைத்துவிட்டோம். இன்டர்நெட் இல்லாமலே நான்கும் பெட்டியோடு பேசுகின்றன. ஆனால் நீங்கள் எழுதிய பிரசவப் பதிவேட்டைத் திறக்கப் போனால் பிரவுசரில் பதிவேடு வரவில்லை. சிவப்பாக ஒரு முக்கோணம் வருகிறது. இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல, உங்கள் தகவல்களை யாரோ திருட முயலலாம் என்கிறது.

எங்கள் தலைமை நர்ஸ் கசம்பாரா அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? முப்பது வருடமாக இந்தத் தீவில் பிறந்தவர்களில் பாதிப் பேரை முதலில் தொட்டவர் அவர்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

“திருடுவாங்கன்னு எழுதியிருக்கே.”

“அது சும்மா வர்றதும்மா. இந்தப் பெட்டிக்கும் நமக்கும் நடுவுல சுவரு மட்டும்தான் இருக்கு.”

“சும்மா யாராவது திருடன்னு சொல்லுவாங்களா? நான் ஒரு பேரையும் அடிக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு நான்கு திரைகள் மேலும் துணியைப் போர்த்திவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பல வருடங்களுக்கு முன்பு யாரோ எங்கள் நோட்டுப் பதிவேட்டைப் புரட்டி, ஒரு பெண் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கிராமத்தில் பரப்பிவிட்டார்கள். அவள் ஒருநாள் கரைக்குப் படகேறினாள், திரும்பவே இல்லை. அன்றிலிருந்து நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கிறது, சாவி அம்மாவின் இடுப்பில்தான். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

வேலை விஷயம் முடிந்தது. கீழே எழுதுவதை வாசிக்காமலும் விடலாம்.

ஜூன் கடைசி சனிக்கிழமைக்குக் கோயிலில் கல்யாணத் தேதி கேட்டிருக்கிறோம். பெண், மாப்பிள்ளை என்று இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பேற்றுச் சாட்சி நிற்கும் என்கோஸ்வேயின் பெயர் இல்லாமல் அறிவிப்பு வாசிக்க மாட்டார்களாம். மாமா போன பிறகு என் பக்கம் முன்னால் நின்று பேசவும், முறைப்படி மாப்பிள்ளை பக்கத்துச் சேவலை வாங்கிக்கொண்டு நம் பக்கத்துக் கோழியைக் கொடுக்கவும் உங்களைத் தவிர யாரும் இல்லை. நீங்கள் இல்லாமல் நான் எந்தக் கோயிலுக்குள்ளும் நுழைய மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். கோயில் பாரத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

தியமிகே


முசூசு
ஏப்ரல் 21

தியமிகே,

கீழே எழுதியதையும் வாசித்தேன். வாசிக்காமல் விடலாம் என்று எழுதினால் யார்தான் வாசிக்காமல் இருப்பார்கள்.

முதலில் வேலை. பயப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சிவப்புத் திரையிலேயே கீழே ‘மேலும்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கு. ‘பரவாயில்லை, தொடர்க’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். அதையும் அமுக்கு, பதிவேடு வந்துவிடும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஏன் வருகிறது என்று கேட்பாய். நம் பெட்டி, தான் யார் என்று ஒரு சான்றிதழைத் தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது. வெளியுலக இணையத்தளங்களுக்கு அப்படி இல்லை. பிரவுசர் ஏற்கெனவே அறிந்த பெரியவர் யாராவது அவற்றுக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பார். நம் பெட்டிக்கு அப்படி யாரும் இல்லை. தனக்குத் தானே சாட்சி சொல்கிறவனைப் பிரவுசர் நம்பாது. அது சரியும்கூட.

இப்போது மற்ற விஷயம். அந்த ஆள் என் வீட்டுக்கு எப்படி வந்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். கூட மாமா இல்லை, அண்ணன் இல்லை, ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. கையில் கருவாட்டு மூட்டையோடு தனியாக வந்து கதவைத் தட்டி, உங்கள் தங்கச்சியைக் கட்டிக்கொள்கிறேன் என்றார். “உங்களைப் பத்திச் சொல்ல யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டேன். “நானே சொல்றேனே” என்றார். நம் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டா? நம் அம்மாவைப் பெண் கேட்டு வந்தபோது அப்பாவின் பக்கம் நான்கு பேர் பேசினார்கள், அப்பா வாசலுக்கு வெளியே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த ஆள்மேல் விரோதம் இல்லை. அவர் யார் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத ஒருவரிடம் கோழியைக் கொடுக்க மாட்டேன்.

அண்ணி உன்னை விசாரித்தாள்.

டாலிட்சோ


லிக்கோமா தீவு
ஏப்ரல் 29

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கசம்பாரா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பொத்தானைப் பற்றிய பகுதியை மட்டும். அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“பரவால்ல, தொடர்கன்னா என்ன அர்த்தம்?”

“திருடன் இருந்தாலும் இருக்கட்டும், உள்ள போறேன்னு அர்த்தம்.”

“உங்கண்ணன் படிச்சவரா?”

“ஆமாம்மா.”

“அப்ப நீ தப்பா வாசிச்சிருப்ப. இன்னொரு தரம் வாசி.”

இன்னொரு தரமும் வாசித்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். “இன்னைக்கு இத அமுக்கச் சொல்லிக் குடுத்தா நாளைக்கு நெஜத் திருடன் வரும்போதும் இந்தப் பொண்ணுங்க இதையேதான் அமுக்குவாங்க. கை பழகிடும்” என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர்கள்கூட இதைச் சொன்னதில்லை.

இப்போது என் முறை. உட்கார்ந்து வாசியுங்கள்.

லிம்பானிக்கு அம்மா அப்பா இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் கொபுவேயில் பிறந்தவர். அங்கே உள்நாட்டுச் சண்டை நடந்தபோது சின்னக் குழந்தையாக இருந்த அவரை யாரோ படகில் ஏற்றி இந்தக் கரையில் இறக்கிவிட்டார்கள். யார் இறக்கிவிட்டார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மாமாவை எங்கிருந்து கூட்டி வருவார்? வாடகைக்கு ஒருவரைப் பிடித்து, இவர்தான் என் மாமா என்று பொய் சொல்லியிருக்கலாம். நம் சனத்தில் எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் பொய் சொல்லாமல் தனியாக வந்தார். அதுதான் அவர் செய்த குற்றம்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் பாருங்கள். உங்கள் பெட்டி தனக்குத் தானே சாட்சி சொன்னால், பரவாயில்லை, உள்ளே போ என்று எங்களுக்குச் சொல்கிறீர்கள். என் ஆள் அதையே செய்தால் கதவைச் சாத்துகிறீர்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள் அண்ணா.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் பார்த்தேன், கப்பல் ஊதிவிட்டது.

தியமிகே


முசூசு
மே 9

தியமிகே,

கசம்பாரா அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவர் சொன்னது சரி, நான் சொன்னது சோம்பேறித்தனம். பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருந்துகொண்டு ஊரெல்லாம் அமுக்கு அமுக்கு என்று சொல்லிப் பழகிவிட்டேன். என் கையும்தான் பழகிவிட்டது.

முறையாகச் செய்வோம். பெட்டி இனித் தனக்குத் தானே சாட்சி சொல்லாது. அதற்கும் ஒரு என்கோஸ்வே ஏற்பாடு செய்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் ஒரு மூலச் சான்றிதழை உண்டாக்கினேன். பெட்டியின் சான்றிதழில் இப்போது அது கையெழுத்துப் போட்டிருக்கிறது. இனி உங்கள் நான்கு கம்ப்யூட்டர்களுக்கும் இந்த மூலச் சான்றிதழை அறிமுகப்படுத்திவிட்டால் போதும். இவர் நம்மவர், இவர் கையெழுத்து இருந்தால் நம்பு என்று ஒருதரம் சொல்லிக்கொடுத்தால் சிவப்புத் திரை வராது.

பென் டிரைவில் இரண்டு சான்றிதழையும் போட்டுக் கப்பலின் சாமான் கணக்கரிடம் கொடுத்திருக்கிறேன். கடிதம் தபாலில் வருகிறது. இரண்டும் வேறு வேறு வழியாக வருவதற்குக் காரணம் உண்டு. மூலச் சான்றிதழுக்குக் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் இருக்கும். அதை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் கையால் எழுதியிருக்கிறேன். திரையில் வருவதும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் பார். ஒன்று மாறினாலும் நிறுத்திவிடு. இது கசம்பாரா அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெட்டியினுடையதை எங்கே வைப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மூலச் சான்றிதழை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இரண்டு முறை அமுக்கினால் எங்கே வைக்கட்டும் என்று கேட்கும். நீயே பார்த்து வை என்று அதனிடம் விடாதே, தப்பான அலமாரியில் வைத்துவிடும். ‘நம்பத்தக்க மூல அதிகாரிகள்’ என்ற இடத்தை நீயே தேர்ந்தெடு. பிறகு பிரவுசரை மூடித் திற. இதில் ஒரு சிக்கல் உண்டு. குரோம், கம்ப்யூட்டர் நம்புகிறவரைத் தானும் நம்பும். ஃபயர்பாக்ஸ் தனிக்குடித்தனம். அதற்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, அதன் அமைப்புக்குள் போய்த் தனியாக அறிமுகம் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். மூலச் சான்றிதழுக்கு ஒரு சாவி உண்டு, அதுவும் ஒரு கோப்புதான், பெயரின் முடிவில் ‘கீ’ என்று இருக்கும். கையெழுத்துப் போடுவதே அந்தச் சாவிதான். அது யார் கையில் கிடைத்தாலும் அவர் போடும் போலிக் கையெழுத்தை உங்கள் நான்கு கம்ப்யூட்டர்களும் அப்படியே நம்பிவிடும். அதனால் அது என் மேசையைவிட்டு எங்கும் நகராது. உன் ஆளிடம் மட்டும் இல்லை, பிஷப் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

இரண்டில் ஒன்றை முடிவு செய்யச் சொன்னாய். பெட்டியைப் பொறுத்தவரை முடிவு செய்துவிட்டேன். மற்றதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவருக்கு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனாலும் தியமிகே, யாரும் இல்லை என்பது ஒருவரை நம்புவதற்குக் காரணம் ஆகிவிடாதே.

டாலிட்சோ


லிக்கோமா தீவு
மே 26

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து உங்கள் முற்றத்தில் நிற்பவர் லிம்பானி. தயவுசெய்து கதவைச் சாத்தாதீர்கள். சாத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு சாத்துங்கள். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

கணக்கரிடமிருந்து பென் டிரைவைப் படகில் போய் வாங்கி வந்தவர் அவர்தான். போன வியாழக்கிழமை காலை, தடுப்பூசிக் கூட்டம் கலைந்ததும் உட்கார்ந்தோம். லிம்பானி உங்கள் கடிதத்தை வரிவரியாக வாசிக்க, நான் செய்தேன். கசம்பாரா அம்மா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கடிதத்தின் பின்பக்கத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கைரேகை எண்ணுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு தரம் என்று நான்கு தரமும் அவர் விரல் வைத்துப் பார்த்தார். மூன்றாவதில் உங்கள் ஏழு ஒன்று மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். மற்ற ஏழுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விட்டார். “உங்கண்ணன் எழுத்து கோழி கிறுக்குன மாதிரி இருக்கு, ஆனா ஆளு ஒழுங்கு” என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு இந்தத் தீவில் இல்லை.

மூன்று கம்ப்யூட்டர்கள் முதல் தடவையே நம்பிவிட்டன. ஃபயர்பாக்ஸுக்கும் நீங்கள் சொன்னபடி தனியாகச் செய்தேன், அதுவும் நம்பியது. ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டர் மட்டும் சிவப்பையே காட்டியது. சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை என்றது. கசம்பாரா அம்மா சிரித்துவிட்டார். “இன்னும் பொறக்காத கொழந்தைக்கு என்ன சாட்சின்னு கேக்குது” என்றார். லிம்பானிதான் திரையின் மூலையைக் காட்டினார். அந்தக் கம்ப்யூட்டரின் காலண்டரில் பத்து வருடத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதி. இங்கே ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் அது தேதியை மறந்து அங்கேயே போய்விடுகிறது. பின்பக்கம் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருந்தது. குழந்தைகளை எடைபோடும் பழைய தராசு ஒன்று உடைந்து கிடந்தது, அதிலிருந்து பேட்டரியைக் கழற்றி இதில் போட்டார். தேதியைத் திருத்தியதும் அதுவும் நம்பிவிட்டது. படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர்தானே என்று உங்களுக்கு ஒரு நினைப்பு இருந்தால் இந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதுவரை சந்தோஷமான செய்தி. கடைசியாகச் சாவியைப் பற்றி நீங்கள் எழுதியதை லிம்பானி வாசித்தார். “உன் ஆளிடம் மட்டும் இல்லை” என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் நிறுத்தாமல் வாசித்தார். வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பென் டிரைவ் இன்னும் திறந்திருந்தது.

“தியமிகே, இதுல மூணு இருக்கே.”

நீங்கள் எழுதியது இரண்டு சான்றிதழ். மூன்றாவது கோப்பின் பெயர் ‘கீ’ என்று முடிந்தது.

அண்ணா, சாவியையும் சேர்த்து அனுப்பிவிட்டீர்கள்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். லிம்பானி சிரிக்கவில்லை. கையை மேசையிலிருந்து எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். “மொதல்ல அத வெளிய எடு. வேற எதையும் தொடாத” என்றார். அழித்துவிடலாம் என்றேன். “அவரு கைக்குத் திரும்பி வந்தாத்தான் அவருக்குக் கணக்கு. நாம அழிச்சிட்டோம்னு சொன்னா அவரு எப்படி நம்புவாரு? நான் என்ன சொன்னாலும் அவரு நம்ப வேண்டிய அவசியம் இல்ல. சாமான அவரு கையிலேயே குடுத்துடணும்” என்றார். கணக்கரிடம் கொடுத்தனுப்பவும் சம்மதிக்கவில்லை. தபால் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

கசம்பாரா அம்மா அதைத் தன் கையால் மருந்துத் துணியில் சுற்றினார். அதற்கு மேல் லிம்பானி டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பி போட்டு முறுக்கினார். ஏரி இப்போது மோசமாக இருக்கிறது, தென்காற்று தொடங்கிவிட்டது. நீச்சல் தெரிந்தவர்தான், ஆனாலும் அது நனையக் கூடாது என்கிறார்.

நான் எதுவும் கேட்கவில்லை. பாரத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தியமிகே


முசூசு
மே 31

தியமிகே,

சனிக்கிழமை காலை தூறலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் தட்டியவர் மூன்றடி பின்னால் போய் வெண்ணெய்ப்பழ மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் பேசுவதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

“நான் உள்ள வரல. இத உங்க கையில குடுத்துட்டுப் போயிடறேன்.”

உன் கடிதத்தை அங்கேயே நின்று வாசித்தேன். சாவியைப் பற்றிய வரிக்கு வந்ததும் காது சூடாகிவிட்டது. பிஷப்புக்கும் கொடுக்க மாட்டேன் என்று எழுதிய அதே காலையில்தான் அந்தப் பென் டிரைவை நிரப்பினேன். எந்தக் கோப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்காமல், கோப்புறையோடு அள்ளிப் போட்டது என் கைதான். வெட்கமாக இருந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

அந்த மூட்டையைப் பிரிக்க எனக்குக் குறடு தேவைப்பட்டது. பிரித்துக்கொண்டே என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

“காப்பி எதுவும் எடுக்கலையே?”

அவர் கோபப்படவில்லை. “எடுக்கலேன்னு சொன்னா அதுக்கும் சாட்சி கேப்பீங்க. எங்கிட்ட சாட்சி இல்ல. சாமான் இருக்கு, வாங்கிக்கோங்க” என்றார்.

உன் அண்ணி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. “போன தடவ கருவாட்டத் திருப்பி அனுப்புனீங்க. இந்தத் தடவ ஆளையும் நனைய வெச்சுத் திருப்பி அனுப்பப் போறீங்களா? தம்பி, நீங்க உள்ள வாங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைவிட்டு விலகி நின்றேன்.

ஒன்பது மாதமாக நீ எழுதியதும் சொன்னதும் என்னிடம் செய்யாததை அந்த ரப்பர்ச் சுருள் செய்துவிட்டது. அவருக்காக யார் பேசுவார்கள் என்று கேட்டேன் அல்லவா. என் வீட்டுச் சாவி வழியில் கிடைத்தும், பேசாமல் அதைத் திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தார். இதற்கு மேல் நான்கு மாமாக்கள் வந்து என்ன சொல்லிவிடப் போகிறார்கள்.

திங்கட்கிழமைதான் கப்பல் என்பதால் இரண்டு ராத்திரி இங்கே தங்கினார். ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்ல வேண்டியது என் கடமை. மாப்பிள்ளை குறட்டை விடுகிறார். சாதாரணக் குறட்டை இல்லை, கப்பல் ஊதுகிற மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாலேயே இப்படிப்பட்டதை எல்லாம் விசாரித்துச் சொல்வதுதான் என்கோஸ்வேயின் வேலை. நான் சொல்லிவிட்டேன். பாரத்தில் என் பெயரை எழுது.

அந்தப் பழைய சாவியை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்யப்போகிறேன். இதை அவரிடமும் சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அது மூன்று நாள் கணக்கரின் பெட்டியில் கிடந்தது, எத்தனை பேர் கை பட்டதோ. மனிதரை நம்புவது வேறு, சாவியை நம்புவது வேறு. கல்யாணத்துக்கு வரும்போது புதுச் சான்றிதழை நானே கொண்டு வருகிறேன். பழையதை நான்கு கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிட்டு என் கையால் புதியதைப் போடுகிறேன்.

பெட்டியின் சான்றிதழை ஒரு வருடத்துக்கு மட்டும் செல்லும்படி செய்வேன். இரண்டு வருடத்துக்கும் செய்யலாம். வருடா வருடம் புதியதைக் கணக்கரிடம் கொடுத்தனுப்பவும் செய்யலாம். அப்படிச் செய்யப்போவதில்லை. ஒன்பது மாதம் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன், இனி அது நடக்கக் கூடாது.

ஒரு கேள்வி பாக்கி. அவர் பக்கம் சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? கேட்டதற்கு, பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு அது போதும், கோயிலுக்குப் போதாது.

டாலிட்சோ


லிக்கோமா தீவு
ஜூன் 7

அண்ணா,

உங்கள் பெயரை எழுதிவிட்டேன். மை பரவிவிட்டது. ஏன் என்று சொல்ல மாட்டேன்.

குறட்டை விஷயம் தீவுக்கே தெரியும். அவர் பட்டறை எங்கள் நிலையத்துக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறது, மதியத்தில் தூங்குவார்.

சேவலுக்கும் ஆள் கிடைத்துவிட்டார். உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை நான் வாசித்ததும் கசம்பாரா அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “நான் நிக்கிறேன்” என்றார். லிம்பானி திகைத்துவிட்டார். பெண்கள் அப்படி முன்னால் நிற்பது இங்கே வழக்கம் இல்லையே என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன்.

“இந்தத் தீவுக்கு வர்ற ஒவ்வொரு உசுருக்கும் நான்தானே மொத சாட்சி. முப்பது வருஷமா யாரும் வழக்கம் இல்லேன்னு சொல்லலியே.”

கோயிலுக்குப் போய் அவரே பேசினார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது, பாரத்தில் மட்டும் அவர் பெயர் ஏறியிருந்தது.

சும்மா நிற்கவும் இல்லை. மூன்று நாள் லிம்பானியைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டார். குடிப்பியா, யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கியா, கோபம் வந்தா கையில என்ன எடுப்பே என்று வரிசையாகக் கேட்டார். லிம்பானி ஸ்பேனர் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். இன்ஜின்மேல் கோபம் வந்தால் என்று விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. “அவனுக்குப் பேர் தெரியாத அம்மா ஒருத்தி இருந்தா. அவ இருந்திருந்தா இதத்தான் கேட்டிருப்பா” என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

சேவலையும் பார்த்துவிட்டார். சிவப்புச் சேவல். வருகிறவர் போகிறவரை எல்லாம் கொத்துகிறது, அதனால் நல்ல சேவல் என்கிறார். கோழியை அங்கிருந்தே கொண்டு வாருங்கள். கப்பலில் மேல்தளத்தில் வைக்காதீர்கள், காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

புதுச் சான்றிதழின் கைரேகையைத் தனியாகத் தபாலில் அனுப்பச் சொல்கிறார். நீங்களே கொண்டு வந்தாலும் அது வேண்டுமாம். ஏழு என்ற எண்ணை ஏழு மாதிரியே எழுத வேண்டுமாம்.

ஒரு வருடம் என்று எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

தியமிகே


லிக்கோமா தீவு
மறு ஆண்டு, ஜூன் 28

அண்ணா,

சிவப்புத் திரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு கம்ப்யூட்டரிலும் ஒன்றாக வந்தது. சான்றிதழ் காலாவதி என்கிறது. கல்யாண நாளன்று நீங்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நிலையத்தில் உட்கார்ந்து போட்டதுதான், ஒரு நாள்கூடப் பிசகாமல் முடிந்துவிட்டது. வருகிறேன் என்று போன மாதமே எழுதினீர்கள், முசூசுவில் வேலை பிடித்துக்கொண்டது என்று அண்ணி எழுதினாள். கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது.

கசம்பாரா அம்மா பழைய துணிகளைத் தேடி எடுத்து நான்கு திரைகளையும் போர்த்திவிட்டார். பெயர்களை எல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதி இடுப்பில் செருகி வைத்திருக்கிறார். நான்கு பெயர் சேர்ந்துவிட்டது. இந்த ஒரு தரம் மட்டும் தொடர்கவை அமுக்கிவிடலாமே, உள்ளே இருப்பது நம் பெட்டிதானே, அண்ணன் கையெழுத்துத்தானே என்று நானே கேட்டுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நேற்று ஐந்தாவது பெயரைக் கொண்டு போனேன்.

“எழுதி இடுப்புல வெக்கறேன். அதுல அடிக்க மாட்டேன்.”

“அம்மா, இது கொஞ்சம் அவசரம்.”

“என்ன அவசரம்? நானே தொட்டுப் பாத்தேன், இன்னும் ஆறு மாசம் இருக்கு. உங்கண்ணன் வரட்டும்.”

லிம்பானி வெளியே படியில் உட்கார்ந்து, காதில் விழாத மாதிரி இன்ஜின் பாகம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஒரே பாகம்.

அந்த ஐந்தாவது பெயர் என்னுடையது அண்ணா. திங்கட்கிழமை கப்பல். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாவியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தியமிகே